வாசகர் கேள்வி பதில்: குரங்குக்கு பிஸ்கட் போட்டா புண்ணியமா?

கேள்வி: அக்கா, நாங்க அஸ்தம்பட்டி. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பசங்கள கூட்டிட்டு ஏற்காடு போயிடுவோம். வளைவுல வண்டிய நிறுத்தி குரங்குக்கு பழம், பிஸ்கட் போடுவோம், மாமியார் அத புண்ணியம்னு சொல்வாங்க. நேத்து ஒரு குரங்கு பையன் கையில இருந்த சிப்ஸ் பாக்கெட்ட பிடுங்கி கீறிடுச்சு. இனிமே போடலாமா வேணாமா? – வாசகி, சேலம்

பதில்: பையன டாக்டர்கிட்ட காட்டினீங்களா தங்கச்சி? இல்லைன்னா முதல்ல கூட்டிட்டு போங்க. குரங்கு கீறினாலும் கடிச்சாலும் உடனே ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், ரேபிஸ் ஊசி வேணுமான்னு டாக்டர கேக்கணும், சின்ன கீறல்தானேன்னு விட்டுடாதீங்க.

போட வேணாம், ஒரு பிஸ்கட் கூட வேணாம். அத்திப்பழமும் ஆலம்பழமும் தின்னுட்டு போற வழியெல்லாம் விதை போடுற ஜீவன் அது, நாம தீனி போட்டு பழக்கினதால 20 கொண்டை ஊசி வளைவுலயும் குட்டிய வயித்துல கட்டிக்கிட்டு ரோட்டு ஓரத்துல உக்காந்திருக்கு, பஸ்ஸு லாரி வர்ற ரோடு, ஒரு கார் நின்னா ஓடி வருது, அடுத்த கார் நிக்காது. அடிபட்டு கிடக்குற குரங்க பாத்தவங்களுக்கு அந்த புண்ணியம் எப்படிப்பட்டதுன்னு தெரியும். மாமியார்கிட்ட சண்டை போடாம இத பக்குவமா சொல்லுங்க, மொட்டை மாடியில குருவிக்கு ஒரு சட்டி தண்ணி வைக்க சொல்லுங்க, மனசு ஆறும்.

அப்புறம் அந்த சிப்ஸ் கவர். உப்பு ஒட்டின கவர மாடும் திங்கும், காட்டெருமையும் திங்கும். தட்டுவடை செட்ட எவர்சில்வர் டப்பாவுல கட்டிக்கிட்டு போங்க, குப்பைக்குன்னு தனியா ஒரு பை வைங்க, மேல போனதெல்லாம் உங்ககூடவே அடிவாரம் வந்து சேரணும். ஏரியில ஒரு பாட்டில் விழுந்தா என்னன்னு நினைக்காதீங்க, ஏரி நிரம்பி வழியுற தண்ணிதான் கிளியூர் அருவியா விழுது. அங்க குளிச்சாலும் சோப்பு, ஷாம்பூ வேணாம், கீழ ஓடையில மீனு தவளையெல்லாம் இருக்கு.

கேள்வி: ஃப்ரெண்ட்ஸோட மலைச்சரிவுல அடுப்பு கூட்டி பிரியாணி செய்யலாம்னு பிளான், பாத்து பத்திரமா அணைச்சுடுவோம், தப்பா அக்கா? – வாசகர், ஓமலூர்

பதில்: தப்புதான் தம்பி. காப்புக்காட்டுல தீ மூட்டுறது சட்டப்படி குத்தம். மேல குளுகுளுன்னு இருந்தாலும் கீழ்ச்சரிவு மாசி பங்குனியில சருகா காய்ஞ்சு கிடக்கும், மூங்கிலும் புல்லும் பத்திக்க ஒரு பொறி போதும், தீ மேட்டுப்பக்கம் ஏறுற வேகத்துக்கு மனுஷனால ஓட முடியாது. 2018 மார்ச்சுல தேனி குரங்கணியில மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல காட்டுத்தீயில செத்தாங்க, மறந்துடக்கூடாது. பிரியாணிய வீட்டுலயே செஞ்சு கட்டிக்கிட்டு போங்கப்பா.

அதே மார்ச், ஏப்ரல்ல நல்ல மழை ஒண்ணு பெஞ்சா பத்து நாள்ல காபி பூக்கும், தோட்டமே வெள்ளையா இருக்கும், ரெண்டு மூணு நாள்தான் நிக்கும். ஒவ்வொரு பூவும் ஒரு காபிப்பழம், தோட்டத்துக்காரங்களுக்கு அதுதான் வருஷ வருமானம், அதனால வேலி தாண்டாதீங்க, கொத்து ஒடிக்காதீங்க. அந்த வாரம் போனா பாட்ட நிறுத்திட்டு கண்ணாடிய இறக்கிவிட்டு மெதுவா வண்டிய ஓட்டுங்க, மல்லிகை மாதிரி வாசம் தானா உள்ள வரும்.