குளிர்காலத்தில் பூனைக்குட்டி: தானிய அறைக்கா, வீட்டுக்குள்ளா?

கேள்வி: தானிய மூட்டைகளை எலி கடித்துப் பாழாக்குகிறது. தெரிந்தவர் ஒருவர் பூனைக்குட்டி தருவதாகச் சொல்கிறார், பிறந்து 5 வாரம் ஆகிறதாம். இப்போது குளிர் கடுமையாக இருக்கிறது. குட்டியை நேராகத் தானிய அறையில் விட்டுவிடலாமா, வீட்டுக்குள் வைத்து வளர்க்க வேண்டுமா? பால் மட்டும் ஊற்றினால் போதுமா? எங்களிடம் இரண்டு மாடு, நான்கு ஆடு, ஒரு நாய் உண்டு. ஆடுகளில் இரண்டு சினை. எலி மருந்தும் வைத்து வருகிறோம்.

பதில்: முதலில் வயதைப் பேசிவிடுவோம். 5 வாரக் குட்டியை இப்போது எடுத்து வராதீர்கள். குறைந்தது 8 வாரம், முடிந்தால் 12 வாரம் அது தாயோடு இருக்கட்டும். பிறந்த முதல் மூன்று நான்கு வாரம் பூனைக்குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அந்தத் திறன் மெல்ல மெல்லத்தான் வரும். அதுவரை கூடப் பிறந்தவற்றோடு ஒட்டிப் படுப்பதுதான் அதற்குப் போர்வை. இன்னொரு காரணம் உங்கள் எலித் தொல்லையோடு சம்பந்தப்பட்டது. தாய்ப் பூனை பிடித்த எலியைக் குட்டிகளுக்கு முன்னால் கொண்டுவந்து போட்டுத்தான் வேட்டையைப் பழக்கும். சீக்கிரம் பிரித்தால் அந்தப் படிப்பு பாதியில் நின்றுவிடும். எலி பிடிக்கும் தாயின் குட்டியா என்று கேட்டு எடுங்கள். ஒரே ஈற்றில் இரண்டு குட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, ஒன்றுக்கொன்று கதகதப்பு.

தானிய அறையில் நேராக விட வேண்டாம். 8 வாரக் குட்டி ஒரு கிலோகூட இருக்காது. எலிக்கு அதுவே இரையாகலாம். எப்படியும் ஐந்தாறு மாதம் ஆகும்வரை அதனிடம் பெரிய வேட்டை எதிர்பார்க்க முடியாது. அதற்குப் பின்னும் சுண்டெலிகளைத்தான் ஒழுங்காகப் பிடிக்கும். நியூயார்க்கில் ஒரு கழிவு மறுசுழற்சிக் கூடத்தில் கேமரா வைத்து 79 நாள் கவனித்தார்கள். 2018இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, அங்கே திரிந்த பூனைகள் கொன்ற பெரிய எலிகள் இரண்டே இரண்டு. அதனால் மூட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளிப் பலகை மேல் அடுக்குவது, பொந்தை அடைப்பது எல்லாம் பூனை வந்த பிறகும் உங்கள் வேலைதான்.

சரி, வீட்டை எப்படித் தயார் செய்வது? இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். குளிரில் குட்டி சூட்டைத் தேடிப் போகும். நீங்கள் ஓர் இடம் செய்து வைக்காவிட்டால் அதுவாக ஓர் இடம் கண்டுபிடிக்கும். அது பெரும்பாலும் ஆபத்தான இடமாக இருக்கும்: அணைந்த அடுப்பின் சாம்பல், படுத்திருக்கும் மாட்டின் வயிற்றோரம், டிராக்டர் இன்ஜின். ஓட்டி நிறுத்திய இன்ஜினில் வெகுநேரம் சூடு இருக்கும், பூனை அடியிலிருந்து ஏறி உள்ளே படுத்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பானெட்டை ஓங்கி நாலு தட்டுத் தட்டி, அரை நிமிடம் பொறுங்கள். ஒருமுறை நான் தட்டாமல் சாவியைத் திருகி, ஒரு பூனையின் வால் நுனி போயிற்று. உயிர் தப்பியது அதன் அதிர்ஷ்டம்.

ஆகவே குட்டி வருமுன்பே படுக்கை தயாராக இருக்கட்டும். சாதாரண அட்டைப் பெட்டி போதும். பெரிய பெட்டி வேண்டாம். குட்டி சுருண்டு படுத்தால் சுற்றி ஒரு சாண் மிஞ்சினால் சரி. பெட்டி சிறிதாக இருந்தால்தான் அதன் உடல் சூடே உள்ளே தங்கும். ஒரு பக்கத்தில் 15 செ.மீ. அளவுக்கு வாசல் வெட்டி, அந்த வாசல் கதவையோ ஜன்னலையோ பார்க்காதபடி திருப்பி வையுங்கள். வெறும் தரையில் வைக்காமல் அடியில் இரண்டு செங்கலோ பலகையோ கொடுங்கள். தரைக் குளிர்தான் காற்றைவிட வேகமாகச் சூட்டை உறிஞ்சும். உள்ளே பழைய கம்பளித் துணி விரிக்கலாம். பின்னால் கொட்டகைக்கு மாற்றும்போது துணி வேண்டாம், ஈரம் குடித்துச் சில்லிட்டுவிடும். அங்கே காய்ந்த வைக்கோல்தான் சரி. தாய் படுத்த இடத்துத் துணி ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து பெட்டியில் போட்டால் முதல் இரவு அழுகை குறையும். அந்தப் பெட்டியோடு முதல் ஒரு வாரம் ஒரே அறையில் இருக்கட்டும்.

கடுங்குளிர் இரவில் வெந்நீர் பாட்டில் வைக்கலாம். கொதிநீர் ஊற்றாதீர்கள். தடித்த துணியில் சுற்றி, உள்ளங்கையில் வைத்தால் இதமாக இருக்கும் அளவுக்குச் சூடு. பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி விலகிப் போக இடம் வேண்டும். மூடிய அறையில் கரித் தணல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, குட்டியையும் கொல்லும், கூடப் படுத்த உங்களையும் கொல்லும்.

பால் மட்டும் போதாது. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும், ஏனென்றால் வளர வளரப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும். குளிரில் வயிற்றுப்போக்கு வந்தால் நீர்ச்சத்தும் சூடும் சேர்ந்து போகும். பூனை முழு மாமிச உண்ணி. டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும், குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். நாய்த் தீவனத்தில் அது போதிய அளவு இருக்காது. குட்டிக்கென்றே விற்கும் தீவனம் அல்லது எலும்பில்லாத வேகவைத்த இறைச்சியும் முட்டையும் சேர்த்து, சிறிது சிறிதாக நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள். வீட்டு இறைச்சி மட்டும் என்றால் சுண்ணாம்புச் சத்து குறையும், அதனால் குட்டித் தீவனமே முக்கிய உணவாக இருக்கட்டும். வெங்காயம், பூண்டு சேர்ந்தது எதுவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். பசித்த பூனைதான் எலி பிடிக்கும் என்பது தவறு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், தெம்போடு ஆடும்.

இனி நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன எலி மருந்து. குளிரைவிட எனக்கு இதுதான் பயம். புரோமாடையோலோன் என்ற எலி மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது, நாலைந்து நாள் தள்ளாடித் திரியும். குட்டிக்கு அதைவிட எளிதான இரை கிடையாது. அந்த எலியைத் தின்ற பூனைக்கும் இரத்தம் உறையாமல் போகும். துத்தநாக பாஸ்பைடு இன்னும் வேகம். குட்டி வருவதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லா மருந்தையும் எடுத்து, செத்த எலிகளைத் தேடிப் புதைத்துவிட்டு, பொறிக்கு மாறிவிடுங்கள். அதே போல மாட்டுக்கு உண்ணிக்கு அடிக்கும் மருந்து. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் எல்லாம் ஒரே குடும்பம். மாடும் நாயும் தாங்கும், பூனையின் கல்லீரலால் அவற்றைச் சரியாக முறிக்க முடியாது. நடுக்கமும் வலிப்பும் வரும். குட்டிக்குத் தெள்ளு என்று மாட்டு மருந்தில் ஒரு சொட்டு தடவிவிடாதீர்கள். மாட்டுக்கு அடித்த அன்று குட்டியைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். டிராக்டர் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட் இனிக்கும், சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள், நக்கினால் பூனையின் சிறுநீரகம் போய்விடும். காய்ச்சல் என்று நீங்கள் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே ஒரு பூனைக்கு உயிர் போகப் போதும்.

சினை ஆடு இருப்பதால் இதையும் கவனிக்க வேண்டும். பூனை முதன்முதலில் நோய் உள்ள எலியைத் தின்னும்போது டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றி, ஓரிரு வாரத்துக்கு அதன் மலத்தில் வெளிவரும். அந்த மலம் தீவனத்தில் கலந்தால் ஆட்டுக்குச் சினை கலைந்துவிடலாம். பூனைக்கு இளகிய குவியல் எதைக் கண்டாலும் கழிப்பிடம்தான், தானியக் குவியல் உட்பட. அதனால் தீவனத்தை மூடி வையுங்கள். குட்டிக்கு முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள், விளிம்பு தாழ்ந்த தட்டில் இரண்டு விரல்கடை ஆழத்துக்கு உலர்ந்த மணல் போட்டுப் பழக்குங்கள். குளிரில் வெளியே ஈர மண்ணைத் தோண்ட அது விரும்பாது, மூலையில் போய்விடும். தட்டு உணவுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. கிருமி மலத்தில் வெளிவந்தாலும் தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும், ஆகவே தினமும் அள்ளிப் புதைத்தால் பெரும்பாலும் கவலை தீர்ந்தது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். இதற்குப் பயந்து பூனையே வேண்டாம் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை.

வந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம்வரை போகும். வெறிநோய் ஊசி 12 வாரத்தில். குளிரில் மூக்கு ஒழுகி, கண்ணில் பீளை கட்டித் தின்ன மறுத்தால், சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். மூக்கடைத்தால் பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் தின்னாது. என்றாவது காலையில் குட்டி துவண்டு, காதும் பாதமும் சில்லிட்டுக் கிடந்தால் உடனே வாயில் பால் ஊற்றாதீர்கள். குளிர்ந்த உடலில் செரிமானம் நின்றிருக்கும், புரையேறவும் செய்யும். உங்கள் சட்டைக்குள் உடம்போடு அணைத்து மெல்லச் சூடேற்றி, ஈறில் சர்க்கரைக் கரைசலைத் துளி தடவிக்கொண்டே மருத்துவரிடம் கிளம்புங்கள்.

பெண் குட்டி என்றால் 4 அல்லது 5 மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுங்கள். குளிர்காலத்தில் வந்த குட்டி அந்த வயதை எட்டும்போது பகல் நீளத் தொடங்கியிருக்கும், பூனைகள் பருவத்துக்கு வருவதும் அப்போதுதான். நாயைக் கட்டிப்போட்ட நிலையிலேயே குட்டியைக் காட்டுங்கள். நாய் அதைக் கண்டுகொள்ளாமல் படுக்கும் நாள் வரும்வரை தனியே விட வேண்டாம். குளிர் குறைந்து, குட்டிக்கும் ஐந்து மாதம் ஆன பிறகு, அதே பெட்டியைத் தானிய அறைக்குத் தூக்கிப் போய், முதல் சில நாள் உணவையும் அங்கேயே வைத்துப் பழக்குங்கள்.