பாக்டீரியாவால் செலினியம் நஞ்சை நீரிலிருந்து அகற்ற முடியுமா?

அகற்றலாம், அழிக்க முடியாது. செலினியம் ஒரு தனிமம். பாக்டீரியா அதன் வேதி வடிவத்தைத்தான் மாற்றும். நமக்கு அது போதும்.

கலிஃபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் பறவைக் கருக்களும் குஞ்சுகளும் உருக்குலைந்திருப்பது 1983இல் தெரியவந்தது. சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் பாசன வடிகால் நீரில் கரைந்து வந்த செலினியம்தான் காரணம், பெரும்பாலும் செலினேட் வடிவில் (ஆக்சிஜனோடு சேர்ந்து நீரில் கரையும் வடிவம்). அதே பள்ளத்தாக்கின் நீரில் கிடைத்த தௌவேரா செலனேடிஸ் என்ற பாக்டீரியாவோ, ஆக்சிஜன் இல்லாதபோது செலினேட்டை வைத்தே சுவாசிக்கிறது! உணவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்களை அதன்மேல் ஏற்றிவிடும். மாலிப்டினம் என்ற உலோகம் உள்ள ஒரு நொதி செலினேட்டை, ஆக்சிஜன் குறைந்த செலினைட்டாக்கும். அது மேலும் ஒடுங்கி (அதாவது எலக்ட்ரான்களைப் பெற்று), நீரில் கரையாத சிவப்புச் செலினியத் துகளாகும். அப்புறம் வடிகட்ட வேண்டியதுதான்.

ஒரு தொல்லை: வடிகால் நீரில் நைட்ரேட்டும் இருக்கும். பல பாக்டீரியாக்கள் செலினேட்டை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் எடுக்கும்.

சில நுண்ணுயிரிகள் மெத்தில் (கார்பனும் ஹைட்ரஜனும் கொண்ட சிறு தொகுதி) சேர்த்து செலினியத்தை வாயுவாக்கி வெளியே விடுவதும் உண்டு.

ஆர்சனிக்கில் கதை தலைகீழ். அதன் ஆர்சனேட் வடிவத்தை ஒடுக்கினால் வரும் ஆர்சனைட் இன்னும் மோசமான நஞ்சு, நீரில் எளிதாக நகரும். அங்கே ஆர்சனைட்டை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியா வேண்டும். உருவாகும் ஆர்சனேட்டை இரும்பு ஆக்சைடு பிடித்துக்கொள்ளும்.