கீமோவில் சாகும் புற்றுநோய் செல்லை நோயெதிர்ப்பு மண்டலம் ஏன் சில மருந்துகளில் மட்டும் கண்டுகொள்கிறது?

செல் எப்படிச் சாகிறது என்பதைப் பொறுத்தது. சாதாரண அப்போப்டோசிஸில் (செல் தானே திட்டமிட்டுச் சாவது) மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவு செல்கள் செத்த செல்லைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், அழற்சி வராது.

டாக்சோரூபிசின், ஆக்சாலிபிளாட்டின் ஆகிய கீமோ மருந்துகளைக் கொடுத்தால் வேறு மாதிரி. செல்லுக்குள் புரதம் தயாராகும் எண்டோபிளாஸ்மிக் வலைக்குள் இருக்க வேண்டிய கால்ரெட்டிகுலின் புரதம், செல் சாகும் முன்பே வெளிப்பரப்புக்கு வந்துவிடுகிறது. எதிரியை டி செல்லுக்கு (நோயெதிர்ப்பின் தாக்கும் செல்) அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல்லுக்கு அது ‘என்னைத் தின்’ என்ற அழைப்பு. சாகும் செல்லிலிருந்து கசியும் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) டென்ட்ரிடிக் செல்களை அருகே இழுக்கும். கடைசியில் வெளியேறும் எச்எம்ஜிபி1 என்ற புரதம், டென்ட்ரிடிக் செல்லின் டிஎல்ஆர்4 ஏற்பியில் ஒட்டி, புற்றுநோயின் ஆன்டிஜனை (அடையாளப் புரதத் துண்டு) டி செல்லுக்குக் காட்டத் தூண்டும். ஆக்சாலிபிளாட்டின் போல சிஸ்பிளாட்டினும் பிளாட்டினம் மருந்துதான், ஆனால் கால்ரெட்டிகுலினை வெளியே கொண்டுவருவதில்லை. கட்டியில் சிடி39 (CD39) நொதி அதிகமிருந்தால் ஏடிபி சிதைந்து, நல்ல மருந்தும் சோடைபோகும்.

கால்ரெட்டிகுலின், ஏடிபி, எச்எம்ஜிபி1 மூன்றையும் ஆய்வகத்தில் அளந்துவிட்டாலே, மருந்து நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது என்பதற்கு நிரூபணம் என்று எழுதுகிறார்கள். போதாது. எலியின் பெருங்குடல் புற்றுநோய் செல்களான சிடி26 (CT26) செல்களை மருந்தால் கொன்று, பால்ப்/சி (BALB/c) என்ற ஆய்வக இன எலியின் ஒரு விலாவில் தோலடியில் செலுத்துங்கள். ஒரு வாரம் கழித்து மறு விலாவில் உயிருள்ள செல்கள். அங்கே கட்டி வரக் கூடாது. முதல் ஊசியில் உயிருள்ளவை மிஞ்சினால் அந்த இடத்திலேயே கட்டி முளைக்கும், அந்த எலி கணக்கில் சேராது. டி செல் இல்லாத எலிகளையும் கூடவே வையுங்கள். அவற்றுக்கும் பாதுகாப்பு கிடைத்தால், காரணம் டி செல் அல்ல.