வெள்ளை நட்சத்திரத்தை நம்பி ஜீப் வாங்கலாமா? பர்மா வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (மேமியோ): மாந்தலையில் ஒரு ஜீப் விலைக்கு வருகிறது. "1944 வில்லிஸ், அசல் பட்டாளத்து வண்டி" என்கிறார் விற்பவர். பச்சை வர்ணம், பானட்டில் வெள்ளை நட்சத்திரம் எல்லாம் இருக்கின்றன. அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வர்ணமும் நட்சத்திரமும் பட்டறையில் ஒரே நாளில் வந்துவிடும். பாடியையே மறந்துவிடுங்கள். 1944-இல் வில்லிஸ், ஃபோர்டு இரண்டுக்கும் ஒரே கம்பெனிதான் பாடி அடித்துக் கொடுத்தது. அதனால் பாடி அசலாகவே இருந்தாலும் அது உங்களுக்குப் பதில் சொல்லாது. பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து சேசிஸைப் பாருங்கள்.

முதலில், ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு சேசிஸ் கால்களையும் இணைக்கும் முன் குறுக்குச் சட்டம். அது உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ் எம்பி. 'ப' எழுத்தைக் கவிழ்த்துப் போட்டது போல மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு ஜிபிடபிள்யூ. இரண்டுமே அசல் போர்க்கால ஜீப்தான். ஃபோர்டு என்று தெரிந்தால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஃபோர்டு வண்டியில் போல்ட் தலைகளிலும் சின்னச் சின்ன பாகங்களிலும் கம்பெனியின் 'எஃப்' எழுத்து பொறித்திருக்கும். பத்துப் பதினைந்து இடத்தில் அது கிடைத்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது எண். வில்லிஸில் இடது சேசிஸ் காலின் உள்பக்கம், முன் பம்பரை ஒட்டினாற்போல் ரிவெட் அடித்த சிறு தகட்டில் இருக்கும். அந்தத் தகடு எளிதில் கழன்றுவிடும், புதிதாகச் செய்தும் ஒட்டுகிறார்கள். ஃபோர்டில் இடது காலின் மேல்பக்கத்தில், இரும்பிலேயே அடித்திருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சாக்பீஸ் பூசித் துடைத்தால் எண் வெள்ளையாகத் தெரியும். கிரைண்டர் வைக்க யாரையும் விடாதீர்கள். எண் போய்விட்டால் வண்டியே போனது போலத்தான்.

இஞ்சின் எண் வலப்பக்கம், முன்புறம், ஆயில் ஃபில்டருக்குக் கீழே இருக்கிறது. ஃபோர்டில் இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் தொழிற்சாலையிலேயே ஒன்றாக அடிக்கப்பட்டவை. வில்லிஸில் ஆரம்பம் முதலே வேறுவேறு. இது தெரியாமல், எண் பொருந்தவில்லை என்று நல்ல வில்லிஸைக் கைவிட்டவர்கள் உண்டு.

போருக்குப் பின் வந்த சிவிலியன் சிஜே-2ஏ வண்டியைப் பட்டாளத்து ஜீப் என்று விற்பதும் நடக்கிறது. முகத்தைப் பார்த்தாலே பிடித்துவிடலாம். பட்டாளத்து ஜீப்பின் கிரில்லில் 9 பிளவுகள், சிஜேயில் 7. பட்டாளத்து ஜீப்பில் விளக்குகள் சிறியவை, கிரில்லுக்குள் பதுங்கியிருக்கும். பானட்டைத் தூக்கி, விளக்குக்குப் பின்னால் உள்ள சிறகு நட்டைக் கழற்றினால் விளக்கு கீலில் மேலே புரண்டு இஞ்சின் மேல் வெளிச்சம் அடிக்கும். ராத்திரியில் ரிப்பேர் பார்க்க வைத்த ஏற்பாடு. சிஜேயில் இது கிடையாது. பெட்ரோல் மூடியும் பார்க்கத் தக்கது: பட்டாளத்து ஜீப்பில் டிரைவர் சீட்டுக்கு அடியில், சிஜேயில் பாடியின் வெளிப்பக்கம்.

கடைசியாக, துணி சுற்றிய காந்தம் ஒன்றைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். தரைத் தகட்டிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்த்து, ஒட்டாத இடமெல்லாம் புட்டி (ஓட்டையை மறைத்த பூச்சு மாவு) என்று கணக்கு வையுங்கள். பாடி துருவைத் தகடு போட்டுச் சரிசெய்துவிடலாம். ஸ்பிரிங் மாட்டும் இடங்களிலும் முன் குறுக்குச் சட்டத்தின் ஓரங்களிலும் சேசிஸ் வெடித்திருந்தால் மட்டும் விலையை நன்றாகக் குறையுங்கள், இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள்.

கேள்வி (தௌங்கூ): பாதி விலைக்கு ஒரு 'வித்அவுட்' ஜீப் (ஓனர் புக் என்ற பதிவுப் புத்தகம் இல்லாதது) வருகிறது. தோட்டத்துக்குள் மட்டும்தான் ஓட்டுவேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த நாட்டில் ஓனர் புக்தான் வண்டியின் பாதி விலை. அது இல்லாததை நாளைக்கு விற்கவும் முடியாது, ரோட்டில் பிடித்தால் திரும்பவும் வராது.

புக் இருக்கும் வண்டிக்கும் முன்பணம் கொடுக்கும் முன் அசல் புத்தகத்தைக் கேளுங்கள், நகல் போதாது. இஞ்சின், சேசிஸ் எண்களைக் கார்பன் தாள் வைத்துத் தேய்த்து எடுத்துப் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பெயர் மாற்றத்துக்கு விற்பவரே கஞநா (வண்டிப் பதிவுத் துறை) ஆபீசுக்கு உங்களோடு வர வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். 2011 செப்டம்பரில் 40 வருஷத்துக்கு மேலான வண்டிகளை ஒப்படைத்துவிட்டுப் புது வண்டி இறக்கப் பெர்மிட் வாங்கிக்கொள்ளும் திட்டம் வந்தது. எத்தனையோ பழைய ஜீப்புகள் அதில் இரும்புக்குப் போயின. அப்படி ஒப்படைத்த வண்டியின் எண் உங்கள் கைக்கு வருகிறதா என்பதையும் அங்கேயே விசாரியுங்கள்.

கேள்வி (பெகு): ஜீப்பைக் கண்டுபிடித்தது ஃபோர்டு என்கிறான் மகன், வில்லிஸ் என்கிறார் மைத்துனர். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் தோற்றார்கள். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு அழைப்பு அனுப்பியது. மாதிரி வண்டிக்குத் தவணை 49 நாள். அந்தத் தவணைக்குள் செய்து காட்டியது பென்சில்வேனியாவின் பான்டம் என்ற சிறு கம்பெனி. வரைந்தவர் கார்ல் புரோப்ஸ்ட். செப்டம்பர் 23-ஆம் தேதி வண்டி ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் ராணுவம் அதன் வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டிவிட்டது. 60 குதிரைசக்தி இஞ்சின் வைத்திருந்த வில்லிஸ் 1941-இல் பெரிய ஆர்டரை வென்றது. அது மட்டும் செய்தால் போதாது என்று அதே ஆண்டு நவம்பரில் ஃபோர்டையும் வில்லிஸ் மாதிரியிலேயே செய்ய வைத்தார்கள். இருவரும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பான்டமுக்குக் கிடைத்தது டிரெய்லர் வேலை. பாவம்தான். எல்லோரும் 'வில்லிஸ் முகம்' என்று சொல்லும் அந்த அச்சடித்த கிரில் உண்மையில் ஃபோர்டின் கைவேலை. வில்லிஸின் ஆரம்ப வண்டிகளில் பட்டைகளை வெல்டிங் செய்த கிரில்தான் இருந்தது.

பர்மாவுக்கு இவை படையோடு வந்தன. 1944-இல் மிச்சீனா–மொகவுங் பாதையில் ஜீப்புக்கு ரயில் சக்கரம் மாட்டிப் பெட்டிகளை இழுக்க வைத்தார்கள். எல்லாமே இடப்பக்க ஸ்டீயரிங். 1970-இல் நாடே வலப்பக்கம் ஓட்டத் தொடங்கியபோது புது விதிக்கு அப்படியே பொருந்திப்போன வண்டி இது. வலப்பக்க ஸ்டீயரிங்கோடு 'அசல் போர்க்கால ஜீப்' என்று காட்டினால், இடையில் யாரோ கைவைத்தது.

கேள்வி (மோல்மேன்): வாங்கிய வில்லிஸில் இரண்டாவது கியர் நழுவுகிறது. கியர்பாக்ஸில் எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் குறைகிறது, ஆனால் தரையில் சொட்டு இல்லை. பேட்டரி 6 வோல்ட், அதுவும் கடையில் கிடைப்பதில்லை.

பதில்: ஆயில் எங்கும் போகவில்லை, பின்னால் உள்ள டிரான்ஸ்பர் கேஸுக்குள் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) போகிறது. இடையிலுள்ள சீல் தேய்ந்திருக்கிறது. டிரான்ஸ்பர் கேஸின் மட்ட அளவுத் திருகைக் கழற்றிப் பாருங்கள், வழிந்தால் அதுதான். கியர்பாக்ஸை வெறும் வயிற்றோடு ஓட்டியதால் கியர் தேய்ந்திருக்கவும் வாய்ப்புண்டு.

நழுவலைச் சோதிக்க, இறக்கத்தில் இரண்டாவது கியரில், லீவரைப் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். துள்ளி நியூட்ரலுக்கு வந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டியதுதான். முதலில் மேல் மூடியைக் கழற்றி ஷிஃப்ட் ராடின் ஸ்பிரிங், குண்டு, ஃபோர்க் மூன்றையும் பாருங்கள், செலவு குறைவு. அவை நன்றாக இருந்தால் அடுத்து சிங்க்ரோ, பேரிங், அடி ஷாஃப்டின் ஆட்டம். இந்த டி-84 பெட்டி கொஞ்சம் மென்மையானதுதான். பெட்டி இறங்கும்போதே டிரான்ஸ்பர் கேஸின் நடு கியர் ஷாஃப்டையும் மாற்றிவிடுங்கள். போர்க்கால ஜீப்பில் அது முக்கால் அங்குல தடிமன்தான், ஊளைச் சத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

12 வோல்ட்டுக்கு மாற்றலாம். பேட்டரி, பல்ப், காயில், ஜெனரேட்டர் (கூடவே ரெகுலேட்டர்), ஹார்ன் மாற வேண்டும். பெட்ரோல் மீட்டருக்கு மின்தடை போட வேண்டும். பழைய ஸ்டார்ட்டர் 12-லும் சுற்றும், ஆனால் ஃபிளைவீல் பல்லை பலமாக அடிக்கும். ஐந்து வினாடிக்கு மேல் அழுத்தாதீர்கள்.

கேள்வி (ரங்கூன்): இந்தியாவிலிருந்து வரும் மஹிந்திரா சாமான் என் வில்லிஸுக்குப் பொருந்துமா?

பதில்: பானட் உயர்ந்த பழைய மஹிந்திராவின் பெட்ரோல் இஞ்சின் வில்லிஸ் இஞ்சினின் தம்பிதான். சிலிண்டர் அகலம் 3⅛ அங்குலம், ஸ்ட்ரோக் 4⅜ அங்குலம், இரண்டிலும் ஒன்றே. பேரிங் செட் தேடினால் அங்கே பார்க்கலாம். சிலிண்டர் ஹெட், இன்டேக் வால்வு பொருந்தாது. அதில் இன்டேக் வால்வு ஹெட்டில், உங்கள் இஞ்சினில் பிளாக்கில். எதை வாங்கினாலும் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள்.