வெயிலை நம்பிய பிசிபி

கேள்வி: ஐயா, வீட்டிலேயே பிசிபி (மின்னணுச் சுற்றுப் பலகை) செய்கிறேன். செப்புத் தகட்டில் டிரை ஃபிலிம் என்ற ஒளியுணர் தாளை ஒட்டி, டிசைன் அச்சிட்ட ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) மேலே வைத்து வெயிலில் காட்டுகிறேன். ஒரு நாள் 2 நிமிடத்தில் கோடுகள் அழகாக விழுகின்றன. மறுநாள் அதே 2 நிமிடத்தில் ஃபிலிம் முழுவதும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. என்ன தவறு?
– கல்லூரி மாணவர், குன்னூர்

பதில்: தவறு உங்களுடையது அல்ல, தம்பி, குன்னூருடையது. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் வலுக்கும். அதனால் மலை வெயில் பளிச்சென்று வேலை செய்யும். ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் உங்கள் 2 நிமிடத்துக்கு மதிப்பே இல்லை. இந்த ஃபிலிமில் புற ஊதா ஒளி பட்ட இடம்தான் இறுகி நிற்கும். ஒளி போதாவிட்டால் சலவைச் சோடாத் தண்ணீரில் கரைந்துவிடும். அதிகமானாலோ கறுப்பு மையையும் ஊடுருவி, கோடுகளுக்கு நடுவிலும் இறுகிவிடும்.

கோத்தகிரியில் என் மேசையில் இருப்பது நகப்பூச்சு உலர்த்தும் சின்ன யுவி (புற ஊதா) விளக்கு. அழகு நிலையத்துக்கான பொருள்தான். வீட்டில் கேலி செய்தார்கள். மழையானாலும் இரவானாலும் அதன் ஒளி மாறுவதில்லை.

நேரத்தை யாரிடமும் கேட்காதீர்கள். கழிவுத் தகட்டில் ஒரு துண்டு வெட்டி ஃபிலிம் ஒட்டி, மேலே அதே ஷீட்டை வைத்து, அட்டையால் மூடுங்கள். 15 விநாடிக்கு ஒரு முறை அட்டையை ஒரு சென்டிமீட்டர் இழுங்கள். கழுவிப் பார்த்தால் எந்தப் பட்டை சரி என்று தகடே சொல்லிவிடும். இருட்டறையில் புகைப்படம் கழுவியவர்களின் பழைய வழி இது. ஃபிலிம் ஆலை ஓடிய ஊட்டிக்கு அருகில் இருந்துகொண்டு இதை மறக்கலாமா? எனக்கு 60 விநாடி வந்தது. உங்கள் விளக்குக்கு வேறாக வரும்.

ஷீட்டின் மை பூசிய பக்கம் ஃபிலிமைத் தொடவேண்டும். மேலே கண்ணாடி வைத்துக் கிளிப் போடுங்கள். இடைவெளி இருந்தால் கோட்டின் ஓரம் மங்கும். லேசர் பிரிண்டரின் கறுப்பு மை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது ஓட்டையாகத் தெரிந்தால் இரண்டு ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள்.

கழுவுமுன் மேல் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். முதல் முறை நான் அரைமணி நேரம் தேய்த்த பிறகுதான் அது இன்னும் ஒட்டியிருப்பதைக் கண்டேன். சலவைச் சோடா லிட்டருக்கு 10 கிராம் போதும்; தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். மார்கழிக் குளிரில், ஃபிலிம் மூடாத செம்பை அரித்தெடுக்கும் ஃபெரிக் குளோரைடும் தூங்கிவிடும். அது உள்ள பிளாஸ்டிக் தட்டைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து ஆட்டுங்கள். தீர்ந்த கரைசலில் செம்பு இருக்கும். அதை ஓடையில் கொட்டாமல் பாட்டிலில் சேர்த்து வையுங்கள்.