கண்காட்சி முடிந்த பிறகு

கேள்வி: உலகக் கண்காட்சிகளில் ஒவ்வொரு நாடும் பெரும் பொருட்செலவில் அரங்கம் கட்டுகிறதே, கண்காட்சி முடிந்ததும் அவை என்ன ஆகின்றன? – வாசகர், கும்பகோணம்

பதில்: பெரும்பாலானவை இடிபடுகின்றன; சில மட்டும் ஊர் மாறிப் பிழைக்கின்றன. அப்படிப் பிழைத்தவற்றுள் எனக்கு மிக விசித்திரமாகப் படுவது, 1939-ஆம் ஆண்டு நியூயார்க் கண்காட்சியில் பெல்ஜியம் எழுப்பிய அரங்கம்.

ஹென்றி வான் டி வெல்ட என்ற மூத்த கட்டடக் கலைஞரின் தலைமையில் உருவான அந்தக் கட்டடத்தைக் கண்காட்சிக்குப் பின் பிரித்துத் தாயகத்துக்கு எடுத்துச் செல்வதாக ஏற்பாடு. ஆனால் 1940 மே மாதத்தில் பெல்ஜியம் ஜெர்மனியின் பிடிக்குள் போய்விட்டதால், கட்டடம் திரும்பிச் செல்ல நாடே இல்லாமற்போயிற்று. ஆகவே அது, வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் கறுப்பின மாணவர்களுக்காக நடந்துவந்த வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக வழங்கப்பட்டு, அங்கே மீண்டும் நிறுத்தப்பட்டது.

அரங்கத்தின் கோபுரம் ரிச்மண்டுக்கு வந்தது; அதிலிருந்த 35 மணிகள் வரவில்லை. முதல் உலகப் போரின்போது பட்டினியில் வாடிய பெல்ஜிய மக்களுக்கு உணவு அனுப்பும் பணியை முன்னின்று நடத்திய ஹெர்பர்ட் ஹூவருக்கு நன்றிக்கடனாக, அவை கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஹூவர் கோபுரத்துக்குப் போயின. அவற்றுள் மிகப் பெரிய மணியில், அட்லாண்டிக் அலைகளின் மேல் அமைதிக்காக மட்டுமே ஒலிக்கிறேன் என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த மணியோ பசிபிக் கரைப் பக்கம் போய்ச் சேர்ந்தது! ரிச்மண்டில் நின்ற கோபுரத்துக்கு, அங்கே படித்துப் பத்திரிகை அதிபராக உயர்ந்த ராபர்ட் வேனின் பெயரைச் சூட்டினார்கள்; ஆனால் பல பத்தாண்டுகள் அது மணியின்றியே நின்றது.

மணிகளைவிட என்னை நிறுத்தி யோசிக்கவைப்பவை சுவரில் உள்ள புடைப்புச் சிற்பங்கள்தாம். அவற்றுள் ஒரு பகுதி, அன்று பெல்ஜியத்தின் குடியேற்ற நாடாக இருந்த காங்கோவின் மக்களையும் அவர்கள் வாழ்க்கையையும் காட்டுகிறது. தன் ஆளுகையின் பெருமையை உலகுக்குக் காட்ட ஒரு வல்லரசு செதுக்குவித்த அந்த ஆப்பிரிக்க உருவங்களைக் கடந்துதான், அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் வகுப்புக்குப் போய்வந்தார்கள்.