அல்ஜீரியாவும் கீழூரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

புதுச்சேரியில் கல்லூரிகளுக்கு இடையே நடந்த உலக நடப்பு வினாடி வினாவில் எங்கள் அணி இறுதிச் சுற்றுவரை போய் ஒரே கேள்வியில் தோற்றது. அல்ஜீரியா விடுதலை பெற்ற ஆண்டு எது என்று கேட்டார்கள். அணித்தலைவன் யாரையும் கலக்காமல் பஸ்ஸரை அழுத்தி 1960 என்று சொல்லிவிட்டான். இத்தனை ஆண்டுகளை எப்படி மனப்பாடம் செய்வது? நல்ல பொது அறிவுப் புத்தகம் ஒன்று சொல்லுங்கள். இதெல்லாம் வெட்டி வேலை என்கிறார் எங்கள் பேராசிரியர்.

க.

அன்புள்ள க.,

பேராசிரியரை விடுங்கள். அணித்தலைவனையும் திட்டாதீர்கள். 1960இல் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. அவற்றில் 14 பிரான்சின் பிடியில் இருந்தவை. பையன் முழுக்கக் குருட்டடி அடிக்கவில்லை.

என் கோபம் வேறு. ஆகஸ்ட் 15க்கு மறுநாளும் உங்கள் ஊரில் விடுமுறை. அது ஏன் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956இல் ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆனால் அல்ஜீரியப் போர் முடியும்வரை பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தரவில்லை. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை அடைந்தது. ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடையது ஆனது. வீட்டுச் சுவரில் தினசரி நாட்காட்டியில் சிவப்பு மையில் இருந்த விடையைக் கிழித்துக் கசக்கிப் போட்டுவிட்டு, மனப்பாடத்துக்கு வழி கேட்கிறீர்கள்!

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் படைவீரரைத்தான் இங்கே சொல்தா என்பார்கள். இந்தோசீனாவிலும் பிறகு அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். விடுதலை நாளன்று நாங்கள் தெருவில் கூச்சல் போட, அவர் திண்ணையில் வேர்க்கடலையை உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதிக்கொண்டிருப்பார். “இங்கே கொடி இறங்கிய அன்றைக்குத்தான் அங்கே சுட ஆரம்பித்தார்கள்” என்பார். கிழவர் உளறுகிறார் என்றுதான் நினைத்தோம். அல்ஜீரியப் போர் தொடங்கிய நாள் 1954 நவம்பர் 1 என்பதைப் பின்னால்தான் படித்தேன். அதே ஆண்டு மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்திருந்தது. அங்கே விழுந்த அடிக்கும் கீழூர் வாக்கெடுப்புக்கும் நடுவில் ஆறு மாதம்கூட இல்லை. உலக நடப்பு என்று நீங்கள் படிப்பதில் பாதி உங்கள் ஊர்க் கதைதான் தம்பி. தலைநகரம், நாணயம், அதிபர் பெயர் என்று ஒப்பித்தால் அது எங்கிருந்து தெரியும்?

புத்தகம் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஆயிரம் கேள்வி பதில் வகையறாவை வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அணியோடு வில்லியனூரைத் தாண்டிக் கீழூர் நினைவிடத்துக்குப் போய்வாருங்கள். வந்ததும் எனக்கு எழுதுங்கள். எதிர்த்து வாக்களித்த அந்த எட்டுப் பேர் என்ன நினைத்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றுவதையும் எழுதுங்கள். அணித்தலைவன் என்ன சொல்கிறான் என்பதைத் தனியாக.